பின் கதவு திறக்காத கார்

நம் வீட்டு வாசலில் எந்தக் கார் வந்து நின்றாலும், நான் குனிந்து அதன் கதவுகளுக்கு அடியில் துடைப்பக் குச்சியை விட்டுக் குடைவதைப் பார்த்து நீங்கள் இரண்டு பேரும் சிரிக்கிறீர்கள். போன மாதம் சின்னவளின் தோழி வந்த காருக்கும் அப்படித்தான் செய்தேன். தோழி போன பிறகு சின்னவள் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. "அப்பாவுக்கு எந்தக் கார பாத்தாலும் காது குடையணும்" என்று பெரியவன் அடுப்படியில் உங்கள் அம்மாவிடம் சொன்னதும் எனக்குக் கேட்டது.

காரணம் இருக்கிறது. வாயால் சொல்ல ஆரம்பித்தால் பாதியில் எழுந்து போய்விடுவீர்கள் என்பதால் எழுதுகிறேன். எட்டாவதோடு நின்றவன் எழுத்து. பிழை இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

எண்பதுகளின் தொடக்கம் அது. பெரியவன் அப்போதுதான் சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறான். சின்னவள் பிறக்கவில்லை. மில்லில் எலக்ட்ரிக்கல் வேலை கற்றுக்கொண்டு வெளியே வந்த நான், முத்தியால்பேட்டையில் ஒரு தகரக் கொட்டகை போட்டு, வண்டிகளுக்கு வயரிங், டைனமோ, ஸ்டார்ட்டர் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். வந்ததெல்லாம் பழைய டாக்சியும் டெம்போவும்தான்.

அப்படி இருக்கும்போது வந்தது முசேவின் கார். முசே பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருபது வருஷத்துக்கு மேல் இருந்துவிட்டுப் பென்ஷனோடு ஊர் திரும்பியவர். பெயர் சொல்லி யாரும் கூப்பிட மாட்டோம். அவர் முசே, அவர் மனைவி மதாம்; பிரெஞ்சில் ஐயா, அம்மா என்கிற மாதிரி. திரும்பும்போது அங்கே ஓட்டிக்கொண்டிருந்த காரையும் கப்பலில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். ஏழெட்டு வருஷம் ஓடின கார்தான். ஆனால் அதில் ஒரு அதிசயம் இருந்தது. முன் கதவில் சாவியைப் போட்டுத் திருப்பினால் நாலு கதவும் ஒரே நேரத்தில் டக்கென்று பூட்டிக்கொள்ளும். மறுபக்கம் திருப்பினால் நாலும் திறந்துகொள்ளும். இன்றைக்கு நீங்கள் சட்டைப்பைக்குள் கையை விட்டபடியே பட்டனை அமுக்குகிறீர்கள். அன்றைக்கு அந்தக் கார் என் கொட்டகை முன்னால் வந்து நின்றபோது, எதிர் டீக்கடையில் இருந்தவர்கள் கிளாஸோடு எழுந்து வந்து பார்த்தார்கள்.

ஒவ்வொரு கதவுக்குள்ளும் கீழ்ப்பக்கமாக ஒரு சின்ன மோட்டார். அது ஒரு கம்பியை மேலே தள்ளினால் பூட்டு திறக்கும், கீழே இழுத்தால் மூடும். விஷயம் அவ்வளவுதான். அவ்வளவுதானே என்று நினைத்துத்தான் நான் அந்தக் காரில் கை வைத்தேன்.

காரை ஓட்டியவர் ஒரு பாய். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். முன்பு தனியார் பஸ் ஓட்டியவர், அப்போதிருந்தே எனக்குப் பழக்கம். அந்தப் பழக்கத்தில் அவர் காரின் கதவைச் சாத்தினால் தெருமுனை வரை கேட்கும். "கதவு சாத்திக்கிச்சான்னு நமக்குத் தெரிய வேணாமா மேஸ்திரி?" என்பார். தினமும் காலையில் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றிக் காரைக் கழுவுவார். முசேவை வீட்டில் இறக்கிவிட்ட பிறகு என் கொட்டகைக்கு வந்து, வாசலில் கிடந்த லாரி டயர்மேல் உட்கார்ந்து, "டீ சொல்லுங்க" என்பார். சக்கரை தூக்கலாக வேண்டும் அவருக்கு. உங்கள் அம்மாவுக்குப் பெரியவன் பிறந்தபோது, ஆஸ்பத்திரிக்கு மூன்று வேளையும் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்தது அந்த பாய் வீட்டிலிருந்துதான். அதையும் இங்கே எழுதி வைக்கிறேன். பின்னால் நான் செய்ததைப் படிக்கும்போது இதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

கார் வந்த மாதமே முசேவிடம் நானாகவே ஒன்று சொன்னேன். "முசே, இது கடல் ஊரு. உப்புக் காத்து அடியிலேந்து தகரத்தத் தின்னுடும். தார் பூசிடுவோம்." அவரும் சரி என்றார். தாரை மண்ணெண்ணெயில் கரைத்து, இரண்டு நாள் காருக்கு அடியில் மல்லாந்து படுத்துப் பூசினேன். கதவுகளின் அடி விளிம்பில்தான் துரு முதலில் பிடிக்கும் என்று அங்கே இரண்டு கோட்டுக்கு மூன்று கோட்டாகப் பூசினேன். நெல் நுழைகிற இடைவெளிகூட விடவில்லை. முசே கீழே குனிந்து பார்த்து, "மெர்சி, நல்லா பண்ணியிருக்க" என்றார். மெர்சி என்றால் நன்றி. என் ஆயுசில் அதுவரை யாரும் என் வேலையைக் குனிந்து பார்த்துப் பாராட்டியதில்லை.

அந்த வருஷம் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போன மதாம், மாதா கோயில் வாசலில் பின் இடது கதவைத் திறக்கப் பார்த்திருக்கிறார். திறக்கவில்லை. மற்ற மூன்று கதவும் திறந்துகொண்டன, அது மட்டும் பூட்டியபடியே. பட்டுப் புடவையோடு சீட்டில் நகர்ந்து நகர்ந்து மறுபக்கம் வந்து இறங்க வேண்டியதாகிவிட்டது. ஊரே பார்த்தது என்று அவருக்குக் கோபம். மறுநாள் காலை கார் என்னிடம் வந்தது.

என் கொட்டகையில் ஒரு சட்டம் வைத்திருந்தேன். ஈர வண்டியை உள்ளே விட மாட்டேன். கரண்ட் வேலையில் ஈரம் ஆகாது என்று மில்லில் எனக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அதனால் எந்த வண்டி வந்தாலும் ஒரு நாளோ இரண்டு நாளோ வெயிலில் நிற்க வைத்து, நன்றாகக் காய்ந்த பிறகுதான் தொடுவேன். இந்தக் காரையும் அப்படியே காயவைத்துவிட்டுத் திறந்தேன். கதவின் உட்பக்கத் தட்டியைக் கழற்றும்போதே மூன்று கிளிப் உடைந்தது. அந்தக் கிளிப் இந்த நாட்டிலேயே கிடைக்காது. சணல் நூலும் பசையும் வைத்துச் சமாளித்தேன். உள்ளே கைவிட்டு மோட்டாரை எடுத்துப் பார்த்தால் துரு. சுரண்டி, எண்ணெய் விட்டு, திருப்பி மாட்டினேன். டக். பாய் டயரை விட்டு எழுந்து கை தட்டினார்.

ஒன்பதாம் நாள் மறுபடி செத்துவிட்டது.

இந்த முறை மோட்டாரின் சுருளையே மாற்றுவது என்று முடிவு செய்தேன். தலைமுடி அளவு செப்புக் கம்பி. உங்கள் அம்மா கம்பிச் சுருளைப் பிடித்துக்கொள்ள, நான் ஒவ்வொரு சுற்றாக எண்ணிச் சுற்றினேன். எண்ணிக்கை பாதியில் இருக்கும்போது பெரியவன் வந்து கம்பியை இழுத்தான். அறுந்தது. மறுபடி ஒன்றிலிருந்து. வார்னிஷ் பூசிக் காயவைத்து மாட்டினேன். டக். இரண்டு வாரம் ஓடியது. பிறகு அதுவும் போனது. போகும்போது தனியாகப் போகவில்லை, எதிர்ப்பக்கப் பின் கதவையும் கூட்டிக்கொண்டு போனது. இப்போது மதாம் எந்தப் பக்கம் நகர்ந்தாலும் இறங்க முடியாது. பின் கதவின் உட்பக்கக் குமிழ் துருவில் இறுகிப்போய் மதாமின் விரலுக்கு வரவில்லை; பாய்தான் முன் கதவு வழியாகக் கையை நீட்டி அதை இழுத்துத் திறந்துவிட வேண்டியிருந்தது.

முசே கொட்டகைக்கே வந்துவிட்டார். வாசலில் நின்றபடி கேட்டார்: "ஏம்பா, பிரான்சில ஏழு வருஷம் ஓட்டினேன். ஒரு நாள் மக்கர் பண்ணல. இங்க வந்து ஒரு வருஷத்துல இன்னா ஆச்சு? எனக்குக் காரணம் சொல்லு."

எனக்குக் காரணம் தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்ல வாய் வரவில்லை. குனிந்து பார்த்துப் பாராட்டிய மனுஷர் முன்னால் கைவிரிக்க எனக்கு வெட்கமாக இருந்தது. அப்போது பாய் டீ வாங்கப் போயிருந்தார்.

"கதவ இந்த மாதிரி அடிச்சுச் சாத்தினா உள்ள இருக்கிற மோட்டார் இன்னா ஆவும் முசே" என்றேன்.

ஒரு வரிதான். முசே வந்த வழியே திரும்பிப் போய்விட்டார். அடுத்த வாரம் பாயை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார். "பஸ் ஓட்டின கைக்கு என் கார் சரிப்படாது" என்று சொன்னாராம்.

பாய் அன்று சாயங்காலம் என்னிடம் வந்தார். நான் சொன்னது அவருக்குத் தெரியுமா தெரியாதா என்று எனக்குப் புரியவில்லை. டயரில் உட்கார்ந்தார்.

"மேஸ்திரி, ஒண்ணு கேக்கறேன். நான் சாத்துறதுல பூட்டு ஒடையுமா?"

"சில நேரம் ஆவும் பாய்."

"முன் கதவத்தான் நான் தெனம் நாப்பது வாட்டி சாத்துறேன். அது நல்லா இருக்குது. பின் கதவ மதாம் சாத்துறாங்க. அவங்க சாத்துனா வாசல்ல படுத்திருக்கிற பூன கூட கண்ணு தொறக்காது. அந்தப் பூட்டுதான ஒடைஞ்சிது?"

நான் ஸ்க்ரூ டிரைவரைத் தேடுவதுபோல் பெட்டியைக் கிளறினேன். அவர் டீயைக் குடித்து முடித்தார். "டீ காச நான் குடுத்துடறேன்" என்று எழுந்தார். அதுவரை அவர் குடித்த டீக்கு நான்தான் கொடுப்பது வழக்கம். அன்று அவரே கொடுத்துவிட்டுப் போனார். அப்போது எனக்கு விளங்கியது, அவருக்குத் தெரியும்.

இனிமேல் அந்தப் பூட்டு கெடக் கூடாது என்று நான் ஆசைப்பட்டேன். பாய் போன பிறகு கெடாமல் இருந்தால், நான் சொன்னது உண்மையாகிவிடும் இல்லையா? அவ்வளவு கேவலமாக நினைத்தேன். பூட்டு என் பேச்சைக் கேட்கவில்லை. முசே தானே ஓட்டினார். பட்டாளத்துக்காரர், கதவைக் குழந்தையைத் தொட்டிலில் போடுவதுபோல் சாத்துவார். அப்படியும், நான் மறுபடி சரிசெய்து கொடுத்த பத்தே நாளில் பின் இடது கதவு போனது. கதவு கீலுக்குப் பக்கத்தில் வயர் மடங்கி மடங்கி அறுந்திருக்கும் என்று நாலு கதவுக்கும் வயரை மாற்றினேன். போனது. ஃப்யூஸ் எரிந்தது. ஃப்யூஸ் மாற்றினேன். மறுநாள் அதுவும் எரிந்தது.

முசே காரோடு வந்த பிரெஞ்சுப் புத்தகத்தை எடுத்து வந்து ஒரு நாள் எனக்குப் படித்துச் சொன்னார். அவருக்குப் பிரெஞ்சு தெரியும், மோட்டார் தெரியாது. எனக்கு மோட்டார் தெரியும், பிரெஞ்சு தெரியாது. இரண்டு பேரும் பெஞ்சில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் மல்லாடினோம். கடைசியில் அந்தப் பக்கத்தைக் கண்டுபிடித்தார். "பூட்டின் மோட்டார் வேலை செய்யவில்லை என்றால், மோட்டாரை மாற்ற வேண்டும்" என்று படித்தார்.

"அப்புறம் முசே?"

"அவ்ளோதான் போட்டிருக்கான்."

சரி, புதுசே மாற்றுவோம் என்று அங்கே இருக்கிற உறவுக்காரருக்குக் கடிதம் எழுதினார். லீவில் ஊருக்கு வந்த ஒருவர் பெட்டியில் சட்டைகளுக்கு நடுவில் சுற்றி ஒரே ஒரு மோட்டார் கொண்டுவந்தார். மூன்று மாதம் காத்திருந்து வந்தது. பின் இடது கதவுக்குத்தான் அது என்று முடிவு செய்தேன். மாட்டினேன். அப்படி ஒரு டக்கை நான் அதுவரை கேட்டதில்லை. இரண்டு வாரம் முடியும் முன் அதுவும் செத்தது. புத்தம் புது மோட்டார்.

அன்று வீட்டுக்கு வந்து நான் சாப்பிடவில்லை. "அந்தக் காரை எடுத்துட்டுப் போகச் சொல்லுங்க. நம்மால ஆவாதுன்னு சொன்னா இன்னா குறைஞ்சிடப் போவுது?" என்றாள் உங்கள் அம்மா. அவளுக்குச் சுலபம். நம்மால் ஆகாது என்றால், பாயைப் பற்றிச் சொன்னது என்ன ஆவது? அதை நான் அவளிடம் சொல்லியிருக்கவில்லை. தட்டைத் தள்ளி வைத்துவிட்டு அவள்மேல் எரிந்து விழுந்தேன். பெரியவன் அழுதான்.

இரண்டு நாள் கழித்து முசே காலையிலேயே வந்துவிட்டார். காரை அப்போதுதான் வீட்டுத் தோட்டத்துக் குழாயில் கழுவியிருந்தார். சொட்டச் சொட்ட நின்றது. "மதாமோட தங்கச்சி மதியம் வராங்க. பின் சீட்டுலதான் உக்காரணும். எப்படியாவது ஒரு கதவையாவது தொறக்குற மாதிரி பண்ணிக் குடு" என்று சொல்லி, டீக்கடைப் பையனை விட்டு ஒரு ரிக்‌ஷா கூப்பிட்டுப் போய்விட்டார்.

காயவைக்க நேரமில்லை. முதல் தடவையாக என் சட்டத்தை மீறி ஈரக் காரைக் கொட்டகைக்குள் தள்ளினேன். எரிச்சலில் தட்டியைப் பிய்த்த பிய்ப்பில் மிச்சமிருந்த கிளிப்பும் தெறித்தது. மோட்டாரின் திருகு ஒன்றைக் கழற்றும்போது கை வழுக்கிக் கதவுக்குள் விழுந்துவிட்டது. இதற்கு முன்பும் விழுந்திருக்கிறது. தகரத்தில் பட்டு டிங்கென்று சத்தம் கேட்கும், காந்தத்தை விட்டு எடுத்துவிடுவேன்.

இந்த முறை டிங் இல்லை. கிணற்றில் கல் போட்ட மாதிரி ஒரு சத்தம்.

கையை உள்ளே விட்டேன். மணிக்கட்டு வரை தண்ணீர்.

எனக்கு உடனே புரியவில்லை. கதவுக்குள் எப்படித் தண்ணீர் நிற்கும் என்று யோசித்தேன். கண்ணாடி ஓரமாக உள்ளே இறங்குகிற தண்ணீர் வெளியே போவதற்குக் கார் செய்கிறவன் கதவின் அடியில் ஓட்டை விட்டிருப்பானே, அது என்ன ஆனது என்று தரையில் படுத்துக் கதவின் அடி விளிம்பைத் தடவினேன். வழவழவென்று, கெட்டியாக, அழகாக இருந்தது. நான் பூசிய தார். மூன்று கோட்டு.

முன் கதவுகளில் மோட்டார் கொஞ்சம் மேலே இருந்ததால் தப்பித்தன. பின் கதவுகளில் கீழே இருந்ததால் மழைத் தண்ணீரிலும், பாய் ஊற்றிய வாளித் தண்ணீரிலும், முசேவின் குழாய்த் தண்ணீரிலும் மூழ்கிக் கிடந்திருக்கின்றன. தார் விரிசலில் சொட்டுச் சொட்டாகக் கசிந்து, நான் இரண்டு நாள் காயவைத்துத் திறக்கிற நேரத்தில் வெறும் ஈரம்தான் மிச்சம் இருந்திருக்கிறது. என் சட்டமே எனக்கு அதை மறைத்துவிட்டது.

ஸ்க்ரூ டிரைவரால் குத்தினேன். செம்பழுப்புத் தண்ணீர், துருவும் இலையும் நாற்றமுமாக என் காலில் கொட்டியது. மிச்சத்தை வாளியில் பிடித்தேன்; இரண்டு பின் கதவிலும் சேர்த்து அரை வாளி. அந்த வாளியைத் தெருவில் கொண்டுபோய்க் கொட்டுவதற்கு முன்னால் இரண்டு பக்கமும் பார்த்தேன். யாராவது பார்க்கிறார்களா என்று.

வலது பின் கதவு மோட்டாரைத் துடைத்து உயிர் கொடுத்தேன். மதாமின் தங்கை இறங்கிவிட்டார். நாலு நாள் ஆனது, கெடவில்லை. நாலாம் நாள் முசே வழியில் காரை நிறுத்திக் கண்ணாடியை இறக்கினார். சந்தோஷமாக இருந்தார்.

"நீ சொன்னது சரிதான்பா. அந்த ஆள் அடிச்ச அடி இப்பத்தான் ஒருவழியா சரியாச்சு."

நான் தலையை ஆட்டினேனா இல்லையா என்பது எனக்கே நினைவில்லை. ஆட்டியிருப்பேன். கார் போன பிறகு அங்கேயே நின்றேன். இந்த நாலு நாளில் நானும் அதைத்தானே எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன். ஆறு மாதமாக நான் ஆசைப்பட்டது நடந்துவிட்டது. அன்று சாயங்காலம்தான் உங்கள் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கேட்டாள்: "அவங்க வீட்டுச் சோத்த மூணு வேளையும் நான் தின்னேனே. நீங்க அந்த வாயால இதச் சொன்னீங்களா?"

மறுநாள் காலை முசே வீட்டுக்குப் போனேன். காப்பி குடித்துக்கொண்டிருந்தார். தார், ஓட்டை, தண்ணீர் எல்லாம் சொன்னேன். கேட்டுக்கொண்டே கிண்ணத்தை மேசையில் வைத்தார்.

"எத்தினி நாளா தெரியும் உனக்கு?"

"அஞ்சு நாளா, முசே."

"நேத்து நான் சொன்னப்ப இன்னா பண்ணிட்டு இருந்த?"

காரைப் பாழாக்கினதற்குத் திட்டுவார் என்று தயாராகப் போயிருந்தேன். அதைப் பற்றி அவர் பேசவே இல்லை.

"நான் கூப்பிட்டா அவன் வர மாட்டான். வர வேணாம்னு சொன்னது நான். ஆனா வாய் உன்னுது. நீ போய்க் கூப்பிடு" என்றார்.

பாய் அப்போது குருசுக்குப்பத்திலிருந்து மீன் ஏற்றிப் போகிற வேன் ஓட்டிக்கொண்டிருந்தார். கரையில் கூடைகளை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும், கட்டிக்கொண்டிருந்த கயிற்றை விடாமலே, "இன்னா மேஸ்திரி, இந்த வண்டியிலயும் பூட்டு கெட்டுப்போச்சா?" என்றார்.

பக்கத்தில் போய் மெதுவாகச் சொன்னேன். தப்பு என்னுடையது, தார் பூசினது நான், முசே கூப்பிடுகிறார்.

"நீங்க சொல்றது கேக்கல. காத்து அடிக்குது."

திருப்பிச் சொன்னேன்.

"மேஸ்திரி, நான் கார ஒடைச்சுட்டேன்னு இங்க எல்லாருக்கும் தெரியும். எங்க வூட்டு வாசல்ல நின்னுகினு என் சின்னப் புள்ளைய கேக்குறாங்க, உங்கப்பன் கதவ ஒடைச்சவனாமேன்னு. அது மட்டும் எல்லாருக்கும் சத்தமா கேட்டுது. இத நீங்க என் காதுல சொன்னா எப்படி?"

கூடை வைத்திருந்த பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். நான் சத்தமாகச் சொன்னேன். "கதவுப் பூட்டு கெட்டதுக்கு பாய் காரணம் இல்ல. நான் பூசின தாருதான் காரணம். தெரியாம பழிய அவர் மேல போட்டுட்டேன். தெரிஞ்சப்புறமும் அஞ்சு நாள் சும்மா இருந்தேன்."

ஒரு மீன்காரம்மா கூடையை இறக்கி வைத்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். "பாக்க வாத்தியார் மாதிரி இருக்கான். பண்ண வேலைய பாரு" என்றார். மற்றவர்கள் சிரித்தார்கள். பாய் சிரிக்கவில்லை.

"இந்த வண்டியில பூட்டே கெடையாது. கயிறுதான்" என்று முடிச்சை இழுத்து இறுக்கினார். "கயிறு யாரையும் மாட்டி வுடாது. நீங்க போங்க. யோசிச்சு சொல்றேன்."

பத்து நாள் கழித்து அவர் முசேவிடம் வேலைக்குத் திரும்பினார். வீட்டு நிலைமை அப்படி. என்னை மன்னித்துத் திரும்பினார் என்று நான் எண்ணிக்கொள்ளவில்லை. காரை என்னிடம் கொண்டுவருவார், "பிரேக் லைட் எரியல" என்பார், வெளியே தெருவில் நின்றுகொள்வார். டயரில் உட்கார மாட்டார். டீ சொன்னாலும் "இப்பத்தான் குடிச்சேன்" என்பார்.

இடது பின் கதவு மட்டும் கடைசி வரை சரியாகவில்லை. அந்தப் புது மோட்டார் உள்ளே முழுக்க அரித்துப்போயிருந்தது, இன்னொன்று அங்கிருந்து வரவும் இல்லை. மதாம் இறங்கும்போதெல்லாம் பாய் முன் சீட்டு வழியாக வளைந்து, கையை நீட்டி, அந்தக் குமிழை இழுத்துத் திறந்துவிடுவார். ஞாயிற்றுக்கிழமைகளில் கோயில் வாசலில் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். நாற்பதைத் தாண்டிய மனுஷர், தினம் பத்து முறை அப்படி வளைய வேண்டியிருந்தது. பார்க்கும்போதெல்லாம் எனக்கு முதுகு வலிக்கும்.

அடுத்த வருஷம் ஐப்பசியில் முதல் மழை கொட்டி ஓய்ந்த ஒரு மத்தியானம், அவர் காரைக் கொண்டுவந்து கொட்டகை வாசலில் நிறுத்தினார். எந்த வேலையும் சொல்லவில்லை. என் கொட்டகையில் சாத்தியிருந்த துடைப்பத்திலிருந்து ஒரு குச்சியை உருவினார். ஒவ்வொரு கதவாகக் குனிந்து, அடியில் விட்டுக் குடைந்தார். ஒவ்வொன்றிலிருந்தும் கொஞ்சம் தண்ணீர் ஒழுகியது. நாலாவது முடிந்ததும் குச்சியை என் கையில் கொடுத்துவிட்டு, முன் கதவைச் சாத்தினார். பழைய மாதிரியே, தெருமுனை வரை கேட்கிற மாதிரி.

பிறகு டயர்மேல் உட்காரப் போனவர், பாதியில் எழுந்து லுங்கியின் பின்பக்கத்தைத் தடவிப் பார்த்தார். டயருக்குள் மழைத் தண்ணீர் முழுக்க நின்றது.

"இதுக்கும் தார் பூசிட்டீங்களா மேஸ்திரி?" என்றார். டயரைக் கவிழ்த்துத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, ஈரத்திலேயே உட்கார்ந்தார்.

நான் டீ சொன்னேன். சக்கரை தூக்கலாக.